கழுத்தளவுத் தண்ணீர்

கல்லூரிக் குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஃபர்ஹானா எத்தனை முறை படமெடுத்தாலும் கேமரா தானாகவே அதில் தண்ணீரை நிரப்பி, இரண்டு தாமரையும் வைத்தது. எல்லாக் கேமராவும் இப்போது அப்படித்தான். அசிங்கம் அவற்றுக்கு ஆகாது.

“இயற்கைப் போட்டோ போட்டிக்கு எல்லாரும் இந்த மாதிரிப் படத்தைத்தான்டி குடுக்கறாங்க. நீயும் குடுத்துடு,” என்றாள் தோழி ஜெசிந்தா.

“பொய்யைக் குடுக்க மாட்டேன்டி.”

போட்டி நடுவர்கள் மூவரும் வந்த அன்று, குரூப் போட்டோ என்று சொல்லி ஃபர்ஹானா அவர்களைக் குளத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். எடுத்த படத்தை அவர்களிடமே நீட்டினாள். மூவரும் கழுத்தளவுத் தண்ணீரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“போட்டிக்கு என் படம் இதுதான் சார்.”

தலைமை நடுவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஷூ முழுக்கப் புழுதி.