கப்பல் சிரிப்பு

சொகுசுக் கப்பலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்த அன்றே ரோஸ்லினின் இரண்டு கன்னங்களிலும் அரிசியளவு கருவி ஒன்றைப் பொருத்திவிட்டார்கள். யாராவது அவளைப் பார்த்தால் போதும், சிரிப்பு தானாக வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பயணிகள் டிப்ஸ் கொடுப்பார்கள். ஆறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

அம்மா இறந்த சேதி கேட்டுச் சொந்த ஊரான மணப்பாட்டுக்கு ஓடிவந்தாள். வீட்டுக்குள் இருந்த எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்லின் பல் தெரியச் சிரித்தாள்.

"பெத்தவ பெட்டிக்குள்ள கிடக்கா, உனக்கு என்னடி சிரிப்பு?" என்று சித்தி கத்தினாள்.

"நான் சிரிக்கல சித்தி. நீங்கல்லாம் பாக்கீங்கல்லா, கன்னத்துல வச்சது தானா இழுக்குது."

கண்ணீர் வழிந்து, விரிந்த உதடுகளுக்குள் இறங்கியது. முந்தானையால் மூடிக்கொண்டாள். துணிக்குள்ளும் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

சித்தி கொஞ்சநேரம் அவளையே வெறித்தாள். பிறகு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அடுத்துத் தம்பி ஜெரால்டு திரும்பினான். ஒவ்வொருவராக எல்லாருமே முதுகைக் காட்டி நின்றார்கள்.

ரோஸ்லினின் கன்னங்கள் மெல்லத் தளர்ந்தன. அத்தனை முதுகுகளுக்கு நடுவே அம்மாவின் கால்மாட்டில் விழுந்து கதறினாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.