கருஞ்சுடரின் மனைவி

"கருஞ்சுடர் எப்படிப் பொண்டாட்டியை வெள்ளத்துல விட்டுட்டுப் போகலாம்?" 2046 ஈரோடு புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் வாசகர்கள் நடுவே அமல்ராஜ் கொதித்தான். சர்ச்சையைக் கிளப்பிய அந்தக் கதை மொபைல் ஆப்பில் வந்து இருபது வருடமாகிறது. அவனுடைய இந்தக் கோபத்தைப் பார்த்து மயங்கித்தான், இப்போது கூட வந்திருக்கும் ஜெசிந்தா அவனைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வந்ததுல காப்பாத்திட்டானே!" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

கதையை வெளியிட்டவர் சிரித்தார். "இப்பச் சொல்லலாம். அது ஆளுக்கு ஆள் மாறுன கதைங்க. கருஞ்சுடர் எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்களோ, அதைக் கணிச்சுத்தான் அந்த ஆப் வரைஞ்சுது."

அமல்ராஜ் அவசரமாகப் பேச்சை மாற்றினான்.

வெளியே, சாலையைக் கடக்க வழக்கம்போல் கையை நீட்டினான். ஜெசிந்தா இருபுறமும் தானே பார்த்துக்கொண்டு தனியாகக் கடந்தாள்.