கம்பியா, கயிறா?

மகள் ஜெயப்பிரியாவுக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. தமிழ்வாணன் அவளை உத்திரமேரூரிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்திருந்தார்.

"கம்பி வெச்சா நல்லா நேராயிடும், ஆனா முதுகு வளையாது. கயிறு கட்டினா முதுகு வளையும். ஆனா கொஞ்சம் கோணல் மிச்சமிருக்கும், மறுபடி ஆபரேஷன்கூட தேவைப்படலாம்," என்றார் வயதான டாக்டர்.

"கயிறே கட்டிடுங்க சார்."

"பொண்ணு நேரா நிக்க வேண்டாமா?"

"நேரா நின்னு இன்னா சார் பண்றது? எங்க ஊர்ல கம்பி வெச்சவன் ஒருத்தன் கீறான். சாவு வூட்டுக்குப் போனா நின்னுக்கினே மாலையத் தூக்கிப் போடுவான். திமிர் புடிச்சவன்னு பேராயிடுச்சு. நடவு நேரத்துல வரப்புல நின்னு வேடிக்கை பாப்பான். சோம்பேறின்னு பொண்டாட்டியே திட்றா."

ஜெயப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா கம்பிதான் வெக்கறேன். ஒருத்தர்கூட வந்து குறை சொன்னதில்ல."

தமிழ்வாணன் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். முதுகின் நடுவே, இடுப்பு வரை நீண்ட தழும்பு.

"அந்த ஒருத்தன் நான்தான் சார். இது நீங்க வெச்ச கம்பி. குறை சொல்ல வரல, நான் மூச்சு வாங்காம நடக்கறதே உங்களாலதான். அன்னிக்கே உங்க கால்ல வுழுந்து கும்புடணும்னு நெனச்சேன், குனிய முடியல. என் பொண்ணாவது வுழட்டும்."