வாசலில் பர்மாத் தேக்கு

"மாசாணம், ரம்பத்தை ஓட்டு! கார் சத்தம் கேக்குது பாரு!"

"அறுக்கறதுக்கு என்னத்தைங்க வெக்கறது?"

"ஒண்ணும் வெக்காத. சும்மா ஓடட்டும். ரோடு வரைக்கும் கேக்கோணும்" என்று மில் ஆளை விரட்டினார் நஞ்சுண்டன்.

பெருந்துறையில் அவருடைய மர மில் படுத்துப் பல மாதம் ஆகிறது. பர்மாவில் உருட்டு மரத்தை வெளியே விடுவதை நிறுத்தியதிலிருந்து ரம்பத்துக்கு வேலையில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் மகள் லோகப்பிரியாவுக்குக் கொடுமுடியிலிருந்து வரன். அவர்களும் மர மில்காரர்கள். போட்டோவைப் பார்த்தே மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் காலி மில்லைப் பார்த்தால் யார் சம்பந்தம் வைப்பார்கள்?

அதனால்தான் வாசலில் இந்தத் தேக்குக் குவியல். ஈரோட்டு மரக்கடை ரிஃபத்திடம் கிடந்த பழைய சரக்கு. ஒரு நாள் வாடகை. இப்படியொரு யோசனை வேறு எவனுக்கும் வராது என்று நஞ்சுண்டனுக்கு ஏகப்பட்ட பெருமை.

காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா குப்பண்ணன் நேராக மரத்திடம்தான் போனார். தட்டிப் பார்த்தார்.

"அட, பர்மாவுங்களா? இந்தத் தடையிலயும் எப்படீங்க?"

"பழைய பழக்கமுங்க. வந்துட்டேதான் இருக்குது."

"நம்ம மில்லுலயும் இதே மரந்தானுங்க கெடக்குது."

கூட வந்த மாப்பிள்ளையின் அத்தை ராசாத்தாள் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, ஒண்ணை அறுத்துக் காட்டுங்க, பாக்கலாம்!"

வாடகை மரத்தில் ரம்பத்தை வைக்க முடியுமா? நல்லவேளை, குப்பண்ணனே குறுக்கே விழுந்தார்.

"வேண்டாம் அம்மணி, துணியெல்லாம் மரத்தூள் ஆயிரும். விருந்தாளி வந்தா நாங்களும் அறுக்கறதில்லை."

எவ்வளவு பெரிய மனுஷன் என்று நஞ்சுண்டன் உருகிப்போனார்.

பெண்ணைப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், பேச்சும் முடிந்தது.

"முன்னாடியே பேசுனபடி நாளைக்கு மாப்பிள்ளை ஊடு பாக்க வந்துருங்க. அப்படியே மில்லையும் பாத்துப்போடலாம்" என்று சொல்லிவிட்டுக் குப்பண்ணன் கிளம்பினார்.

கார் கண்ணில் மறைவதற்குள் ரிஃபத்திடமிருந்து போன்.

"அண்ணா, சாயங்காலம் லாரி வருதுங்க. மரத்தை ஏத்தி உட்ருங்க. காலையில கொடுமுடியில ஒரு மில்லுல எறக்கோணும். அங்க பொண்ணு ஊட்டுக்காரங்க மாப்பிள்ளை ஊடு பாக்க வாராங்களாமா!"

நஞ்சுண்டன் சிரித்த சிரிப்பில் மாசாணம் பயந்து ரம்பத்தை நிறுத்திவிட்டான்.

"ரிஃபத்து, லாரியில முன்னாடி எங்களுக்கும் எடம் வெய்யி கண்ணு. நாங்களும் அங்கதான் வாரோம்!"