ஒன்பதாவது புள்ளி

வகுளா டீச்சரின் மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தது. இரவுதோறும் வானத்தின் ஒரே மூலையை அது பார்த்துச் சொல்லும். பென்சில் அங்குள்ள நட்சத்திரங்களைத் தாளில் புள்ளிகளாக வைக்கும். டீச்சர் எதைத் தேடுகிறார் என்று இரண்டும் கேட்டதில்லை.

முதல் இரவு ஒன்பது புள்ளிகள் விழுந்தன. இரண்டாம் இரவு எட்டுப் புள்ளிகள் அப்படியே இருந்தன. ஒன்பதாவது கொஞ்சம் தள்ளியிருந்தது.

"நேற்று தூங்கிக்கொண்டே வைத்தாயா?" என்றது தொலைநோக்கி.

"பூனை உன் காலை இடித்ததை நான் பார்த்தேன்" என்றது பென்சில்.

"பூனை இடித்தால் ஒன்பதும் அல்லவா நகரும்?"

"அப்படியானால் உன் கண்ணில்தான் கோளாறு."

மூன்றாம் இரவு ஒன்பதாவது புள்ளி இன்னும் தள்ளிப் போயிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்தன. டீச்சர் பார்த்தால் யாரைத் தூக்கிப் போடுவாரோ? பென்சில் தலைகீழாகத் திரும்பி, தன் ரப்பரால் மூன்று தாளிலும் அந்தப் புள்ளியை அழித்தது. தொலைநோக்கி பார்க்காத மாதிரி இருந்துகொண்டது.

காலையில் டீச்சர் மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். எட்டுப் புள்ளிகளும் பிசகாமல் பொருந்தின.

"எவ்வளவு சுத்தமான வேலை!" என்று பெருமூச்சு விட்டார். "ஒன்றே ஒன்று நகர்ந்திருந்தால், அதுதானே நான் தேடும் சிறுகோள்."