கெடு முடிந்த பிறகு

"போன மாசம் வந்திருந்தாகூட ஏதாவது செஞ்சிருப்பேன்மா. இப்ப கெடு முடிஞ்சு போச்சு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. வலிக்கிற இடுப்புக்குக்கூடவா கெடு வைப்பார்கள்?

கார் விபத்தில் இடுப்பு நொறுங்கியது அவள் கணவனுக்கு. முடி திருத்தும் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க நின்றால்தான் அந்தத் தொழில். இன்னொரு ஆபரேஷன் செய்தால் பழையபடி நிற்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன்.

சட்டம் குறித்த நாளுக்குள் மனு போடாவிட்டால் கோர்ட் ஏறெடுத்தும் பார்க்காது என்றார் வக்கீல். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம். நினைவில்லாமல் கிடந்தாரா, வெளியூரில் இருந்தீர்களா என்று பாவம், அவரே எடுத்துக்கொடுத்தும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்புறம் ஏம்மா இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க?"

"கார் ஓட்டுனது எங்க அண்ணன் சார்."

கடையிலிருந்து கணவனை வீட்டில் விடக் கூட்டி வந்தவன், திருப்பத்தில் ஒரு நொடி கண்ணசந்துவிட்டான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் வந்து, சுவரைப் பார்த்து நின்றுவிட்டுப் போனான். அதோடு சரி. போன் செய்தால் எடுப்பதில்லை. கூடப்பிறந்தவன்மேல் அவனைக் கேட்காமல் எப்படி வழக்குப் போடுவது? மச்சான் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடலாம் என்று கணவனும் சொல்லிவிட்டார். இருவரும் வாசலைப் பார்த்தபடியே நாளைக் கடத்திவிட்டார்கள்.

"பணம் குடுக்கப்போறது உங்க அண்ணன் இல்லம்மா, இன்சூரன்ஸ் கம்பெனி. அது அவருக்கும் தெரிஞ்சிருக்குமே" என்றார் வக்கீல்.

கடைசியாகச் சொன்னதுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோர்ட், கேஸ் என்று அலைய வேண்டுமே என்று ஒளிந்துகொண்டான். இவனையா அண்ணன் என்று நினைத்து உருகினோம்? தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நேராகக் கடைக்குப் போனாள். கணவன் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஒருவருக்குக் கிருதா எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் எட்டவில்லை. வந்தவரே நாற்காலியோடு திரும்பிக் கொடுத்தார். முடி வெட்ட வந்தவர் எழுந்து போகும்வரை ஒரு ஓரமாக நின்றாள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. அண்ணன்! கையில் பழப்பை, முகம் கொள்ளாத சிரிப்பு.

கணவனின் கண் முதலில் அவன் தலைக்குத்தான் போனது. "யாருகிட்ட மச்சான் வெட்டிக்கிட்டீங்க? காதுக்குப் பின்னாடி கோணலா இருக்கே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடு முடியும்வரை எட்டிப் பார்க்காதவன், முடிந்ததும் பழத்தோடு வந்து நிற்கிறான். இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற தைரியம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"கெடுவெல்லாம் முடிஞ்சிருக்கும், கேஸ் போட்டாச்சுன்னு நம்பித்தான் வந்தேன்மா. இனிமே நான் வரலாம்ல? என் மூஞ்சியப் பாத்தா உனக்குப் போட மனசு வராது. என்மேல இருக்கிற கோவத்துலயாவது போடட்டும்னுதான், இத்தனை நாளும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வராம இருந்தேன்."