மூன்றாவது ஸ்லைடு

மேடையேறி மைக்கைப் பிடித்த பிறகுதான் அவன் அம்மாவைப் பார்த்தான்.

நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தீபாவளிக்கு எடுத்த பச்சைப் புடவை. பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, திருப்பூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள்.

தொழில் யோசனைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் பெற்றோரையும் கூப்பிட்டால் கூட்டம் சேருமே என்று கல்லூரிக்குத் தோன்றியிருக்கிறது. ஆபீஸிலிருந்து எல்லா வீட்டுக்கும் போன் போயிருக்கிறது. மகனிடம் சொல்லாமல் வந்து அசத்தலாம் என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு ஸ்லைடு தாண்டினால் அவள் படம் வரும். படத்துக்கு மாலை போட்டிருக்கும்.

அவனும் வகுப்புத் தோழி யாழினியும் செய்தது ஒரு சின்னக் கருவி. கேஸ் கசிந்தால் சத்தம் போடும். சிலிண்டரைத் தானே மூடிவிடும். நல்ல கருவிதான். கல்லூரித் தொழில்முனைவோர் மையத்தில் முதல் சுற்று நடந்தபோது, அடுப்படியில் அம்மாவின் கை வெந்த கதையை உள்ளது உள்ளபடி சொன்னான். நடுவர்கள் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கருவி ஓகே தம்பி. கதையில வலி பத்தல" என்றார் மையத்தில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்த வழிகாட்டி.

அந்த மையத்தில் எல்லோருக்கும் ஒரு வலி வேண்டும். ஒருவன் தாத்தாவின் மாரடைப்போடு வருவான், இன்னொருத்தி தண்ணீர் லாரியின் பின்னால் ஓடிய பால்யத்தோடு வருவாள். வலி இல்லாத கம்பெனியில் யாரும் முதல் போடமாட்டார்களாம்.

அடுத்த சுற்றில், அம்மா இப்போது இல்லை என்றான்.

மொபைல்கள் எல்லாம் மேஜைக்குப் போயின.

கீழே வந்ததும் வழிகாட்டி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யாழினி அழுதாள். படத்துக்கு மாலை சேர்த்தது அவள்தான், பாவம், நம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு எத்தனையோ நாள் இருந்தது. சொல்லவில்லை.

முதல் ஸ்லைடு. கம்பெனியின் பெயர்.

இரண்டாவது. ஊரில் எத்தனை அடுப்படி, எத்தனை விபத்து.

ரிமோட்டில் விரலை வைத்தான். சட்சட்டென்று இரண்டு தரம் அழுத்தினால் படம் யார் கண்ணிலும் தங்காமல் ஓடிவிடும். ஆனால் நடுவர்களுக்குக் கதை தெரியும். பக்கத்திலேயே யாழினி நிற்கிறாள். இத்தனை பேர் முன்னால் மானம் போய்விடும் என்று பயந்தான். எந்த மானம் என்று யோசிக்க நேரமில்லை.

அழுத்தினான்.

திரை முழுக்க அம்மா. கழுத்தைச் சுற்றி ரோஜா மாலை. கீழே ஒரு விளக்கு.

"எங்கம்மா..." என்று தொடங்கினான். குரல் உடைந்தது.

ஒத்திகையில் ஒருமுறைகூட அது இவ்வளவு நன்றாக உடைந்ததில்லை.

அரங்கம் உச்சுக்கொட்டியது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்து வெந்த கையை மூடிக்கொண்டாள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மிச்ச ஸ்லைடுகளையும் பேசித்தான் முடித்தான்.

முதல் பரிசு அவர்களுக்கே கிடைத்தது. அறிவித்தபோது திரையில் மறுபடி அந்த மாலை போட்ட படத்தையே காட்டினார்கள்.

கோப்பையோடு கீழே இறங்கினான். தோளில் கைபோட்டபடி வழிகாட்டியும் கூடவே வந்தார். நாற்காலிகளுக்கு நடுவே அம்மா எழுந்து நின்றிருந்தாள். ஒதுங்கிப் போக வழியில்லை.

வழிகாட்டி அவளைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீங்க..."

அவன் வாயைத் திறந்தான். எப்படியாவது இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தான்.

"பையனோட சித்திங்க" என்றாள் அம்மா. "எங்கக்கா இருந்து பாத்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்."

அதுதானே, அப்படியே முகஜாடை என்றார் வழிகாட்டி. ஒப்புக்குக் கேட்பதுபோல் அவன் பக்கம் திரும்பினார்.

அம்மாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.